கலங்காமல் இருக்க எத்தனை பேர் வேண்டும்?

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘வாழ்க்கைச் சவால்களிலும் உறவுகளிலும் மன அமைதி காத்தல்’. அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்கள், இனி மாற்ற வழியில்லை. ஆனால் இந்தத் தலைப்பில் வழக்கமாகப் பேசப்படும் பேச்சு எனக்கு ஒத்துவராது. மூச்சை இழுத்து விடுங்கள், பத்து வரை எண்ணுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் காரில் ஏறிப் போய்விடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போனால் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். பத்து வரை எண்ணினால் வட்டி நின்றுவிடுமா? மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. செய்கிறவர்களுக்கு அது நல்லதுதான். அதற்கு ஆள் இருக்கிறார்கள், சொல்லித் தருவார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவர் துன்பத்தில் கலங்காமல் நிற்கிறார் என்றால் அவருடைய நெஞ்சுறுதியை மட்டும் பார்த்து வியந்துவிட்டுப் போகாதீர்கள். அவருக்குப் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள், முன்கூட்டியே என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். நிதானத்தில் பாதி மனசுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி ஊருக்குள் இருக்கிறது. ஊர்ப் பாதியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதால் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் திருக்குறளைத் தொடாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. பயப்படாதீர்கள், குறள் எதையும் ஒப்பிக்கப் போவதில்லை. அதிகாரங்கள் எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் காட்டுகிறேன். ‘பொறையுடைமை’ 16ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. ‘வெகுளாமை’ 31ஆம் அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. துன்பம் வந்தால் உடைந்து போகாதே என்று சொல்லும் ‘இடுக்கண் அழியாமை’ எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? துறவறத்தில் என்றுதானே தோன்றும்? அது பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. 63ஆம் அதிகாரம், அரசியல் பகுதியின் கடைசி அதிகாரம். பரிமேலழகர் வைப்பு முறைப்படி 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கி, கல்வி, கேள்வி, பெரியாரைத் துணைக்கோடல், காலம் அறிதல், இடன் அறிதல், சுற்றந்தழால், ஊக்கம், ஆள்வினை என்று 24 அதிகாரங்கள் கடந்த பிறகுதான் கலங்காமை வருகிறது. பெரியவர்களைத் துணை சேர்த்துக்கொள், காலம் பார், இடம் பார், சொந்தபந்தத்தை அணைத்துக்கொள், சோம்பியிருக்காதே. இவ்வளவும் செய்துவிட்டு அப்புறம் கலங்காதே. இந்த வரிசையை எனக்குத் தோன்றியபடி படிக்கிறேன், புலவர்கள் மறுக்கலாம். ஆனால் வெறுங்கையோடு நிற்கிற ஒருவனைப் பார்த்துக் ‘கலங்காதே’ என்று சொல்கிற வழக்கம் அந்த நூலில் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

போடியில் மனசின் ஏற்ற இறக்கத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளில் மதியத்துக்கு மேல் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தால் போதும். 2007 முதல் ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறது. வாயால் கூவிக் கேட்ட காலத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்து விலை சொல்லலாம்; இப்போது திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். விலை அடுத்த நிமிடம் மலையுச்சியில் இருக்கும் சிறு விவசாயியின் செல்போனுக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் நல்ல சேதியும் கெட்ட சேதியும் மலை ஏற அரை நாள் ஆகும். அந்த அரை நாள் இப்போது இல்லை.

2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் இடுக்கி மலையில் ஏலச் செடிகளைச் சரித்துப் போட்டது. அடுத்து வந்த கோடையும் கைகொடுக்கவில்லை. காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அந்த நாட்களில் இந்த ஊரின் நடையே மாறிப்போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். தோட்டம் குத்தகைக்கு எடுக்கப் போட்டி. நாற்று கேட்டுப் போட்டி. நிச்சயித்த கல்யாணத்தின் செலவு இரட்டிப்பானது. ஏலச் செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் ஒழுங்காகக் காய்க்கும். 2019இல் விலையைப் பார்த்து நட்டவர்களின் காய் 2021, 2022இல் சந்தைக்கு வந்தது. எல்லோருடைய காயும் ஒன்றாக வந்து இறங்கியது. நடுவே கொரோனா வேறு. 2022இல் கிலோ 1000 ரூபாய்க்குக் கீழே போனது.

ஏழாயிரத்திலிருந்து ஆயிரத்துக்குக் கீழே, மூன்றே ஆண்டுகளில். இதில் எந்த விவசாயியின் மனப் பலவீனமும் காரணமில்லை. செடிக்குக் காய்க்க ஆகும் காலமும், வளைகுடா நாடுகளின் தேவையும், உலகின் மறுகோடியில் நம்மைவிட அதிகம் விளைவிக்கிற குவாத்தமாலாவும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. சவூதிக்காரர்கள் தங்கள் காவாக் காப்பிக்கு எந்த நாட்டுக் காயை வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துப் போடியில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தீர்மானமாகிறது. இது தெரிந்தால் ஒரு நன்மை உண்டு. விலை விழுந்த அன்று ‘உன்னால்தான்’ என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வது கொஞ்சமாவது குறையும்.

அந்தச் சரிவில் நிலைகுலைந்த குடும்பங்களையும், தள்ளாடினாலும் விழாமல் நின்ற குடும்பங்களையும் அருகிலிருந்து பார்த்தேன். நின்றவர்கள் எல்லோரும் தைரியசாலிகள் என்று சொல்ல மாட்டேன். சிலர் பயந்த சுபாவக்காரர்கள். பயந்ததால்தான் ஏழாயிரம் விற்றபோது புதிதாகக் குத்தகை எடுக்காமல் இருந்தார்கள். ஏலத்தோடு மிளகும் காப்பியும் வைத்திருந்தவர்களுக்கு ஒன்று விழுந்தபோது இன்னொன்று கைகொடுத்தது. எல்லாவற்றையும்விட ஒன்று என் கண்ணில் பட்டது. கடன் எவ்வளவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த குடும்பம் நின்றது. கணவன் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாமல், அண்ணன் அடகு வைத்தது தம்பிக்குத் தெரியாமல் இருந்த வீடுகளில், பணம் போனதைவிட மறைத்ததுதான் பெரிய சண்டையானது. பணம் அடுத்த பருவத்தில் திரும்பும். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியை மறுபடி பேச வைக்க எந்தப் பருவமும் இல்லை. ஆகவே மன அமைதிக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், மாதம் ஒருநாள் ராத்திரி கணக்கு நோட்டை நடுவீட்டில் விரித்து வையுங்கள் என்பேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். கேட்க நன்றாக இருக்காது. ஆனால் பிள்ளை சைக்கிள் கேட்டு அழுவது மறுமாதமே நின்றுவிடும்.

ஏலச் செடி தன்னந்தனியாக வெயிலைத் தாங்காது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே நிழல் மரம் நிற்க வேண்டும். கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி கண்டெடுத்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு விளைச்சல் பல மடங்கு கூடியது உண்மை. அந்த ரகத்துக்கு வெளிச்சம் கூடுதலாகத் தேவை என்று கிளைகளை வெட்டி வெட்டி, பல தோட்டங்களில் வானம் நன்றாகவே தெரிய ஆரம்பித்தது. 2024 கோடையில் மழை தவறி வெயில் ஏறியபோது இடுக்கியில் ஏலம் பெருமளவு கருகியது. மனிதர்களிலும் ஞள்ளானிகள் உண்டு. நிறையச் சம்பாதிப்பார்கள், நிறைய உழைப்பார்கள். தொந்தரவு என்று நினைத்துச் சொந்தக்காரர், பழைய நண்பர், பக்கத்து வீடு என்று ஒவ்வொரு கிளையாக வெட்டிக்கொண்டே வருவார்கள். நல்ல காலத்தில் ஒன்றும் தெரியாது.

நம் மலையைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரு படம், லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் நாயகன் ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்கும் கூலி. ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக அவன் நிதானமாக உழைக்கிறான். சேமிக்கிறான், தவறுகிறது, மறுபடி சேமிக்கிறான், மறுபடி தவறுகிறது. ஒருவழியாக நிலம் கிடைக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் அது கைவிட்டுப் போகிறது. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கிறான். பொறுமை, உழைப்பு, நேர்மை எல்லாம் இருந்தும் ஒரு மனிதன் தோற்க முடியும் என்று அந்தப் படம் சொல்கிறது. ‘மனம் வைத்தால் எதுவும் முடியும்’ என்று பேசுகிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ரங்கசாமிக்கு இல்லாமல் போனது மன உறுதியா? நியாயமான வட்டியில் கடனும், கடன்பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் இருந்திருந்தால் அந்த நிலத்தை அவனே உழுதிருப்பான்.

அடுத்து உறவுகள். தலைப்பில் உறவு என்று போட்டவர்கள் மாமியார் மருமகளை நினைத்துப் போட்டிருப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஓர் உறவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடிக்கும் மேலே இருக்கிற மலைக்கும் உள்ள உறவு.

விடிவதற்கு முன்பே இங்கிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்தும் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடி ஜீப்புகள் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று பிரிந்து போகின்றன. பெரும்பாலும் பெண்கள். காய் எடுக்க, களை வெட்ட, சரம் பார்க்க. சாயங்காலம் திரும்பி வந்து உலை வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தூங்கி கேரளத்தில் உழைக்கிற வாழ்க்கை.

2011 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தது. 1895இல் திறந்த அணை. 2006இல் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் வழக்கு தீராமல் இருந்தது. அணை உடையும் என்ற பயம் அந்தப் பக்கம், தண்ணீர் போய்விடும் என்ற பயம் இந்தப் பக்கம். குமுளிப் பாதை அடைபட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பல்லாயிரம் பேர் எல்லையை நோக்கி நடந்தார்கள். மேலே தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். கீழே மலையாளிகளின் கடைகள் மீதும் கல் விழுந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். அது காய் எடுக்கும் பருவம். ஜீப்புகள் நின்றன.

புத்தாண்டு பிறந்த பிறகு மெல்ல மெல்ல ஜீப்புகள் மறுபடி ஏறின. அணை வழக்கு தீர 2014 மே 7 வரை ஆனது. அப்போதும் 142 அடி என்றே தீர்ப்பு வந்தது, அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனால் காய் எடுக்கப் போன பெண்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. அந்த டிசம்பரில் காட்டு வழியாக இறங்கி வந்த ஓர் அக்காவிடம் பிறகொரு நாள் கேட்டேன், மறுபடி போகப் பயமாக இல்லையா என்று. “பயமில்லாமயா? ஆனா அந்த வீட்டம்மாளுக்கும் எனக்கும் என்ன சண்டை? அணைக்கும் கோர்ட்டுக்கும்தான சண்டை” என்றார். வந்து சேர்ந்த அன்று ராத்திரி, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று அந்தத் தோட்டத்து வீட்டம்மா போனில் கேட்டாராம்.

இதைக் கேட்டதும் உருகிப் போக வேண்டாம். முதலாளிக்கு ஆள் வேண்டும், தொழிலாளிக்குக் கூலி வேண்டும், தேவைதான் மறுபடி சேர்த்து வைத்தது என்று சொல்வீர்கள். ஆமாம், தேவைதான். தேவையை ஒப்புக்கொள்வதில் என்ன கேவலம்? நம் வீடுகளில் பாதிச் சண்டை நீ இல்லாமல் எனக்கு ஆகாது என்பதைச் சொல்ல வெட்கப்பட்டே வளர்கிறது. அந்த அக்கா சொன்னதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்தச் சண்டை யாருடையது என்று அவர் பிரித்துப் பார்த்தார். மாநிலத்தின் சண்டையைத் தன் சண்டையாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மில் பலர் ஆபீஸில் வாங்கிய சண்டையை மனைவியிடம் இறக்கி வைக்கிறோம். இரண்டு சம்பந்திகளின் சண்டையைப் புதுப் பெண்ணின் தலையில் கட்டுகிறோம். இது என் சண்டையா என்று கேட்டுக்கொள்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை என்பதை அவர் எனக்குக் காட்டினார். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்.

2020இல் எல்லை மறுபடி மூடியது. இந்த முறை கிருமிக்காக. அப்போது மேலே மாட்டிக்கொண்டவர்களும் கீழே பிள்ளைகளோடு நின்றவர்களுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. 2011ஐப் பார்த்தவர்கள் அந்தப் பிரிவைக் கொஞ்சம் எளிதாகத் தாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஜீப்பைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரே ஜீப்பில், ஒரே ஆட்கள், வருடக்கணக்காக. ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். யார் வீட்டில் அடி விழுகிறது, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், யாருக்கு என்ன வெசனம் என்பதெல்லாம் வளைவுக்கு வளைவு பேசித் தீரும். அதற்காக அந்த ஜீப்பை நான் புகழ்ந்து பாடவில்லை. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்கள், விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. பாதுகாப்பான வண்டி கேட்பது அவர்களுடைய உரிமை. வண்டி மாறினாலும் கூட்டம் மாறாமல் இருக்கட்டும்.

சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் கேதம் கேட்கப் போவது என்பது எவ்வளவு யோசித்து அமைத்த ஏற்பாடு! செத்த வீட்டில் அடுப்பு எரியாது; சாப்பாடு அடுத்த வீட்டிலிருந்து வரும். பந்தலுக்கு ஒருவர், சொல்லிவிட ஒருவர், கோடித்துணிக்கு ஒருவர் என்று ஆள் தானாகப் பிரிந்துகொள்ளும். சேர்ந்து கட்டிப்பிடித்து அழ ஒரு நேரம், பால் தெளிக்க ஒரு நாள், கருமாதிக்கு ஒரு நாள். துக்கப்பட்டவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். இப்போது செல்போனில் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கேதம் கேட்டாயிற்று என்கிறோம். போக முடியாத தூரத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. நாலு தெரு தள்ளி இருப்பவர்களைச் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்துக்குச் செய்முறை நோட்டு வைத்திருக்கிறோம், பத்து ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறோம். எந்தச் சாவுக்குப் போகாமல் விட்டோம் என்பதற்கு நோட்டு இல்லை.

இந்தப் பழைய ஏற்பாடுகளோடு புதியதும் சேர்ந்திருக்கிறது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறகு மாநிலம் முழுவதும் பரவின. வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து பெண்கள் கூடி உட்காருவதே அதில் பெரிய லாபம் என்பது என் கட்சி. ஆனால் இன்று குழு என்ற பெயரில் வாசலுக்கு வந்து வசூல் செய்கிற தனியார் கடனும் இருக்கிறது. அது சேர்ந்து நிற்பதற்கான குழு அன்று. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை ஏவி அவளை அவமானப்படுத்தும் குழு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

நம் பக்கத்துக் குரங்கணியைப் பேசாமல் போக முடியாது. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கலங்கியதால் செத்தார்கள் என்று யாராவது சொன்னால் அது கொடுமை. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு முன்னால் எவரும் கலங்குவார்கள். முதலில் ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். கிடைத்த போர்வையில் காயம்பட்டவர்களைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு வழி தெரியும், மலை தெரியும். தெரிந்த கால் பதறாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. விதிகள் முன்பே வந்திருக்கலாம்.

‘பொறுத்துப் போ’ என்பதை நிதானம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இதைப் பெண் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அடிக்கிறவனோடு பொறுத்துப் போவது அமைதி அன்று, சத்தம் வெளியே வராத துன்பம். 181 என்ற எண் பெண்களுக்காகவே இருக்கிறது. நிதானத்துக்கும் அடங்கிப்போவதற்கும் உள்ள தூரத்தைப் பார்க்க விரும்பினால் மூணாறுக்குப் போங்கள். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், போனஸைக் குறைத்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பின்னால் பெயர் பெற்ற போராட்டம் அது. ஆண்கள் நடத்தும் தொழிற்சங்கங்களையும் கட்சிக்காரர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார்கள். கோபம் கொப்பளித்தது. ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். அத்தனை ஆயிரம் பேர் ஒன்றாகக் கோபப்பட்டும் நிதானம் இழக்காமல் இருந்தார்களே, அதைத்தான் நான் கலங்காமை என்பேன். நம் ஊரும் ரயிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது என்கிறார்கள். 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூன் 15இல் திரும்பி வந்தது. பொறுமை கொண்டுவரவில்லை, மனுவும் போராட்டமும் கொண்டுவந்தன.

இன்னும் ஒரு விஷயம், கொஞ்சம் கனமானது. விவசாயம் நடக்கிற வீடுகளில் பூச்சிமருந்து இருக்கிறது, கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணிகிறது. அந்த நிமிடங்களில் மருந்து கையில் கிடைக்காவிட்டால் ஓர் உயிர் மிஞ்சுகிறது. சென்னையில் 1986இல் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகள். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். அந்த ஊர்களில் இப்படிப்பட்ட சாவுகள் குறைந்தன. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. அங்கே யாருக்கும் யோகா சொல்லிக்கொடுக்கவில்லை. அலமாரியை மாற்றினார்கள், அவ்வளவுதான். மன அமைதியில் பாதி ஊரில் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

போடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மேலே தோட்டத்துக் குடியிருப்புகளிலும் இப்படிப் பூட்டுப் பெட்டிகள் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் ஒரு நாள் ஏலத்தில் விடுகிற கமிஷனை யோசித்துப் பாருங்கள். மனசு சரியில்லாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் 104லிலும் இலவசமாகப் பேச ஆள் இருக்கிறார்கள். அந்த எண்களை ஜீப்புகளின் உள்பக்கத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் எழுதி வைக்க ஒரு பெயின்டரின் அரைநாள் கூலி போதும்.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு என்னைப்போல் ஓய்வுபெற்ற ஆளைத் தேட வேண்டாம். பல வருடங்களாக மலைக்குப் போய்வரும் ஓர் அக்காவை அழையுங்கள். எழுதிப் படிக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டால் அவர் பேசுவார். எனக்குத் தந்த சன்மானத்தை அவருக்கும் தர வேண்டும். சால்வை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். கூட்டத்தை இன்று போல வேலைநாளில் மாலை நாலரைக்கு வைத்தால் அவர் வர முடியாது. ஜீப் அப்போது போடிமெட்டைக்கூடத் தாண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.